விளங்கிற்றுச் சீட்டு

புத்தர் பெருமான் பரிநிர்வாணம் எய்தி இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் நிறைந்தனவென்று நாடெங்கும் கொண்டாடிய அந்த வைகாசித் திங்களில், ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே நல்லுசாமியின் கத்தரித் தோட்டம் வாடத் தொடங்கியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு உண்டென்று எவரும் கருதவில்லை. திண்டுக்கல் கோட்டைப் பாறையின் அடிவாரத்தில் இயங்கிவந்த கிணற்று நலத் தனி அலுவலகம் மட்டும் கருதியது.

நல்லுசாமியின் கிணற்றில் நீர் இருந்தது. அறுபதடி ஆழத்தில் இருந்தது. கமலை கட்டி அதனை இறைத்துவந்த இரண்டு எருதுகளுள் செவலை, பங்குனிக் கடைசியில் நோய் கண்டு மாண்டது. எஞ்சிய மயிலை, நீர் மொள்ளும் பெருங்கலமான சாலினைத் தனியே இழுக்க மாட்டாது. மின்கம்பம் பக்கத்துத் தோட்டம்வரை வந்து நின்றது. மைத்துனன் கொடுத்த பழைய மோட்டார் ஒன்று கொட்டிலில் சாக்குப் போர்த்துக் கிடந்தது. கம்பத்தையும் மோட்டாரையும் கூட்டிவைக்கக் குறைந்தது ஒன்றே. அது தனி அலுவலர் வேலுமணியின் கையொப்பம். வைகாசிக்குள் அது வாராதாயின் பூவும் பிஞ்சுமாய் நின்ற செடிகள் கருகும். அதுவரை அவற்றின் உயிரைக் கையில் பிடித்து வைத்திருந்தவள் அவன் மனைவி கண்ணம்மாள். அரை மைல் தொலைவிலிருந்த ஊர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்துவந்து, வேருக்கு ஒரு செம்பு வீதம் வார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லுசாமி தன்னால் இயன்ற இரண்டையும் செய்தான். பழனியாண்டவனுக்கு வைகாசி விசாகத்தன்று காவடி எடுப்பதாக நேர்ந்து, மாலை அணிந்து, காவி உடுத்து, புலாலும் பொய்யும் நீக்கி விரதம் பூண்டான். விரதம் பூண்ட கையோடு திண்டுக்கல் அலுவலகத்தில் விண்ணப்பமும் கொடுத்தான். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகம், அடுத்த வாரம் ஆகிவிடும் என்று சொல்லிற்று. அதே சொல்லை மூன்று வாரம் சொல்லிற்று. நான்காம் வாரம் வேலுமணி அதனைச் சொல்லி முடித்தபோது நல்லுசாமி தலையைச் சொறிந்துகொண்டே கேட்டுவிட்டான்:

"ஏனுங்கய்யா, நெசமாவே வருமுங்களா?"

வேலுமணியின் பேனா நின்றது. அவர் மேசைமேல் கிடந்த சுற்றறிக்கை ஒன்றைக் கண்ணால் தொட்டு, மீண்டும் நல்லுசாமியை ஏற இறங்க நோக்கினார்.

"உமக்கு ஐயம் உண்டோ?"

"நாலு தடவ அடுத்த வாரம்னு சொன்னீங்க. அதானுங்க கேட்டன்."

"சுற்றி வளைக்க வேண்டாம். ஐயம் உண்டா, இல்லையா?"

பொய் சொல்லலாகாத நாள். "இருக்குதுங்க" என்றான் நல்லுசாமி.

வேலுமணியின் முகம் மலர்ந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, மனுதாரன் ஒருவனுக்கு அவ்வலுவலக வரலாற்றில் முதன்முறையாக அமர இடம் காட்டினார்.

சுற்றறிக்கை சொன்னது இது. புத்தர் கண்ட மெய்யுணர்வை, அதனை ஐயுறும் குடிமக்களுக்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் எடுத்துரைத்தல் வேண்டும். உரைத்தபின் அவர்களிடம் 'விளங்கிற்று' என்னும் அச்சிட்ட சீட்டில் ஒப்பம் பெறுதல் வேண்டும். விசாகத்தன்று மேலிடத்துப் பார்வையாளர் நேரில் வந்து சீட்டுகளைச் சரிபார்ப்பார். ஞானம் ஆழமானதாகையாலும், ஆழமான பொருள்கள் யாவும் கிணற்று அலுவலகத்தைச் சார்ந்தவையாகையாலும், பொறுப்பு இவர்களிடம் வந்தது. திண்டுக்கல் வட்டாரத்துக்கு விதித்த ஐயமுடையோர் தொகை பன்னிருவர். பதினொருவர் முன்பே கிடைத்திருந்தனர். அவர்கள் எல்லோரும் கிணற்று வேலையாக வந்தவர்கள். விளக்கம் கேட்காமலே ஒப்பமிட்டவர்கள். அவர்களுள் ஒருவர், சுற்றறிக்கை வருவதற்கு முந்தின நாளே 'விளங்கிற்று' என்று ஒப்பமிட்டிருந்தார். அவரை அலுவலகம் பெரிதும் மதித்தது.

எழுத்தர் அருள்நாதன் சீட்டை நீட்டினான். "போடுங்க அப்பு ஒரு கையெழுத்து. பன்னெண்டாவது ஆளு நீங்கதேன்."

"எது வெளங்குச்சுன்னு போடோணுமுங்க?"

"அது எனக்கே வெளங்கல. நான் மாதா கோயிலுக்குப் போறவன். போட்டுட்டு பஸ்ஸைப் பிடிங்க, அம்புட்டுத்தேன்."

"மாலை போட்டிருக்கனுங்களே. விசாகம் முடியற வரைக்கும் பொய் சொல்லக் கூடாதுங்க."

அருள்நாதன் அவனை வியந்து பார்த்தான். தன் இருபதாண்டுப் பணியில் பசி, பிணி, மழை, மாமியார் எனப் பலவகைத் தடைகளை மனுதாரர் கூறக் கேட்டிருந்தான். இப்படி ஒரு தடையை அவன் கேட்டதில்லை. செய்தி உள்ளே போயிற்று. உள்ளிருந்து தீர்ப்பு வந்தது: கிணற்றுக் கோப்பும் ஞானக் கோப்பும் நாடாத் தட்டுப்பாட்டினால் ஒரே நாடாவில் கட்டப்பட்டுள்ளன, ஆதலின் ஒன்று நகர்ந்தாலன்றி மற்றொன்று நகராது.

"விளக்கித் தாங்க, போட்டர்றன்" என்றான் நல்லுசாமி.

இவ்வாறாக, விளக்கம் கேட்டு ஒப்பமிடுவேன் என்ற ஒரே மனிதன் அவ்வலுவலகத்துக்குக் கிடைத்தான். எப்படி விளக்குவது என்று அன்றுதான் அவர்கள் எண்ணத் தொடங்கினர்.

பெருமான் அருளிய வாய்மைகள் நான்கு. நான்கையும் ஒரே பிரிவு கையாளுதல் ஆட்சி முறைக்கு ஒவ்வாது. எனவே துன்பம் 'அ' பிரிவுக்கும், துன்பத்தின் காரணம் 'ஆ' பிரிவுக்கும், துன்ப நீக்கம் 'இ' பிரிவுக்கும், நீக்கும் நெறி 'ஈ' பிரிவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. அடுத்த வாரம் வந்த நல்லுசாமியை முதலில் 'அ' பிரிவில் நிறுத்தினர்.

"உமக்குத் துன்பம் உண்டா?" என்று கேட்டார் அப்பிரிவின் தலைமை எழுத்தர்.

"மாடு செத்துப் போச்சுங்க. செடி காயுதுங்க."

"வாயால் சொன்னால் துன்பம் ஆகாது. மாடு மாண்டது மெய்யென்று கிராம முன்சீப்பிடம் எழுதி வாங்கி இணைக்க வேண்டும்."

வாங்கிவர ஒரு வாரம் ஆயிற்று. துன்பம் மெய்யென்று முத்திரை பெற்று, நல்லுசாமி 'ஆ' பிரிவை அடைந்தான். அங்கே ஒரு படிவத்தில் 'துன்பத்தின் காரணம்' என்ற கட்டத்துக்கு எதிரே கோடு ஒன்று விட்டிருந்தது. அவன் 'தண்ணீர் இல்லை' என்று எழுதினான். பிரிவு எழுத்தர் அதனை அடித்தார்.

"காரணம் ஆசை. வேறு காரணம் இந்தப் பிரிவில் ஏற்கப்படுவதில்லை."

"தண்ணி ஊத்துனாச் சரியாப் போயிருமுங்களே?"

"தண்ணீர் வேண்டும் என்கிறீரே, அது ஆசையா இல்லையா?"

"அப்படிப் பாத்தா ஆசைதானுங்க. ஆனா அது எனக்கில்லீங்க…"

"ஆசைதான் என்று ஒப்புக்கொண்டார்" என்று எழுதி, எழுத்தர் அவனை அடுத்த கதவைக் காட்டி அனுப்பினார்.

துன்ப நீக்கத்துக்குரிய 'இ' பிரிவில் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் ஆள் இல்லை. துன்ப நீக்க அலுவலர் உடல்நலம் குன்றி நீண்ட விடுப்பில் இருந்தார். 'ஈ' பிரிவில் எட்டு நெறிக்கு எட்டுச் சாளரங்கள் அமைத்திருந்தனர். நற்காட்சிச் சாளரம் தொடங்கி நற்கடைப்பிடிச் சாளரம் வரை ஏழிலும் ஏழு முத்திரை பெற்றான். எட்டாவதான நல்லமைதிச் சாளரம் பூட்டிக் கிடந்தது. அதன் சாவி விடுப்பில் இருந்தவரிடம் இருந்தது. பூட்டு திண்டுக்கல் பூட்டு. ஆதலால் சாவியின்றித் திறப்பதைப் பற்றி ஒருவரும் பேசவும் இல்லை.

"இன்னிக்கு ஏதாச்சும் வெளங்குச்சா அப்பு?" என்றான் அருள்நாதன், வெளித் தாழ்வாரத்தில்.

"எட்டாவது சன்னலு பூட்டியிருக்குதுன்னு வெளங்குச்சுங்க."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்களேன்!"

"சீட்டுல அச்சடிச்சது வேறயாச்சுங்களே."

விசாகத்துக்குப் பத்து நாள் இருந்தது. வேலுமணிக்கு உறக்கம் குறைந்தது. பதினொரு சீட்டோடு பார்வையாளர்முன் நிற்பதை அவரால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. பௌத்தம் அறிந்தவர் எவரேனும் ஊரில் உண்டா என்று நாற்புறமும் ஆள் விட்டுத் தேடினார். ஒருவரே உளர் என்று தெரிந்தது. அவர் பெயர் சோலைமலைப் புலவர். திருநீறு துலங்கும் நெற்றியும், நாள்தோறும் பதிகம் ஓதிப் பண்பட்ட குரலும் உடைய சைவர். பௌத்தர் கொள்கையை அவர் கற்றது அதனை மறுப்பதற்காக. பிறர் கோளை, அஃதாவது அவர் கொள்கையை, பிழையறக் கூறி, அவரே கேட்டாலும் மகிழும்படி நிறுவி, அதன் பின்னரே மறுத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த வாதமுறை. அம்முறையில் நாற்பதாண்டு பயின்றவர் அவர்.

உரைக்கு அலுவலக வளாகத்து அரசமரத்தடியே தக்க இடம் என முடிவாயிற்று. பெருமான் மெய்யுணர்ந்தது அரசமரத்தடியில் அன்றோ? பந்தல் போட வந்தவர்கள், கிளைகள் கீற்றுக்கு இடையூறு என்றனர். மரம் வெட்டப்பட்டது. பந்தல் எழுந்தபின் நிகழ்ச்சிக்கு ஏற்ற சூழல் வேண்டி, மேடைப் பின்னணியில் அட்டையில் ஓர் அரசமரம் வரைந்து நிறுத்தினர்.

புலவர் எழுந்தார். முன்வரிசையில் ஐயமுடையோருக்கென இட்ட தனி நாற்காலியில் நல்லுசாமி, இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்து அமர்ந்திருந்தான்.

"எப்பொருளும் கணந்தோறும் தோன்றிக் கணந்தோறும் கெடும்" என்று தொடங்கினார் புலவர். அரைமணி நேரம் அவர் சொல்ல, பந்தல் முழுதும் மூச்சடங்கிக் கேட்டது. ஓடும் நீரைப் போல உயிரும் உடலும் ஓடுவதைக் கேட்டோர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். இறுதியில் நல்லுசாமியையே சான்றாக்கினார். "இன்று காலை ஒட்டன்சத்திரத்தில் பேருந்து ஏறிய நல்லுசாமி வேறு, திண்டுக்கல்லில் இறங்கிய நல்லுசாமி வேறு. ஏறியவன் வழியிலேயே ஒழிந்தான். நான் என்று பிடித்துக்கொள்ள அங்கே ஒருவனும் இல்லை."

நல்லுசாமி முகத்தில் ஏதோ ஒளி படர்வதை வேலுமணி கண்டார். சீட்டை எடுத்து வைக்குமாறு அருள்நாதனுக்குச் சைகை செய்தார். அந்நேரம் நல்லுசாமி தயங்கிக் கை உயர்த்தினான்.

"ஏறுனவனும் எறங்குனவனும் வேற ஆளுன்னா, டிக்கட்டு ஆருதுங்க சாமி?"

புலவர் மேடையில் ஓரடி பின்வாங்கினார். அவர் கண்கள் நீர் மல்கின.

"அப்பனே! செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் வேறொருவனோ என்று நம் முன்னோர் இந்த வினாவையேதான் எழுப்பினர்! நன்று, நன்று. இனி இதனை மறுப்பாம்!" என்றார்.

மறுத்தார். ஒன்றரை மணி நேரம் மறுத்தார். வேலுமணி மூன்று முறை துண்டுக் காகிதம் அனுப்பினார். புலவர் அவற்றைப் பிறர் கோளாகக் கருதி அவற்றையும் மறுத்தார். அம்மறுப்பு முடிந்தபோது, அவ்வட்டாரத்தில் பௌத்தம் என்று சொல்ல ஏதும் மிஞ்சியிருக்கவில்லை.

"இப்பொழுது சொல்லும், விளங்கிற்றா?" என்றார் வேலுமணி பற்களைக் கடித்தபடி.

"மொதல்ல சொன்னது பாதி வெளங்குச்சுங்க. பொறகு சொன்னது அந்தப் பாதியவும் எடுத்துக்கிட்டுப் போயிருச்சுங்க."

வேறு வழியின்றி வேலுமணியே ஒலிபெருக்கிமுன் வந்தார். அவர் உரை பின்னர் அச்சிடப்பட்டு எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பப்பட்டது. அதன் சில பகுதிகள் இவை:

"பெரியோர்களே, நான் என்பது இல்லை. இவ்வுண்மையை இந்த வட்டாரத்தில் முதன்முதல் கண்டவன் நான். அழைப்பிதழில் என் பெயர் மூன்றாம் வரியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பற்றற்றவனாகையால் அதனை நான் பொருட்படுத்தவில்லை. அச்சகத்தாரிடம் விளக்கம் கேட்டு எழுதியுள்ளேன், அவ்வளவே. ஆசையே துன்பத்தின் வேர். என்னிடம் ஆசைகள் இல்லை. என் ஆசையின்மையை மேலிடம் கவனத்தில் கொள்ள வேண்டும் என்பது ஒன்றே நான் வேண்டுவது. மௌனத்தின் சிறப்பைப் பற்றி இன்னும் நாற்பது நிமிடம் பேச விரும்புகிறேன்."

பேசினார்.

கூட்டம் கலைந்தபின் அட்டை மரத்தின் பின்னால் புலவர் தனியே அமர்ந்து மேல்துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். நல்லுசாமி அருகே போய்க் குந்தினான்.

"சாமிக்கு அது வெளங்குச்சுங்களா?"

"எது, அப்பா?"

"மொதல்ல சொன்னீங்களே, அது."

புலவர் துண்டை மடித்து மடியில் வைத்தார். "சொல்லத் தெரியும். மறுக்கத் தெரியும். வெளங்குச்சான்னு நாப்பது வருசத்துல ஒருத்தனும் எங்கிட்டக் கேட்டதில்லையப்பா." பிறகு தாழ்ந்த குரலில், "மறுக்கிறதுக்கு முந்தி, அந்த அரைமணி நேரமும் மனசு தண்ணியாட்டம் இருக்கும். அதை யாருகிட்டயும் சொல்லிப்புடாத" என்றார்.

விசாகத்துக்கு முந்தின நாள் காலை. தோட்டத்து வரப்பில் இடுப்புக் குடத்தோடு நின்ற கண்ணம்மாள், கிழக்கோரத்துப் பாத்திகளை நோக்கிக் கை நீட்டினாள்.

"ஏனுங்க, அந்த நாலு பாத்தியை விட்டுரலாமுங்க. இருக்கற தண்ணி மத்ததுக்குத்தான் ஆகும். நீங்க அந்தப் பக்கம் பாக்காமப் போயிருங்க."

நல்லுசாமி பார்த்தான். இலைகள் கீழ்நோக்கி மடிந்து, ஊதாப் பூக்கள் கூம்பி நின்றன. அவளே நட்ட நாற்றுகள் அவை. அவள் அப்பக்கம் பாராமலே பேசினாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் பட்டது.

கிணற்று மேட்டில் மணி ஓசை கேட்டது. மயிலை கொட்டிலிலிருந்து தானே வந்து, கமலைச் சரிவின் தலைப்பில் நின்றது. கழுத்தில் நுகம் இல்லை. பின்னே வடம் இல்லை. சால் கிணற்றோரத்தில் காய்ந்து கிடந்தது. எருது கழுத்தைத் தாழ்த்திச் சரிவில் இறங்கியது, அறுபதடி ஆழத்துச் சாலினை இழுப்பதுபோலவே கால் ஊன்றி இறங்கியது. அடியில் நின்றது, பின்னடி வைத்து மேலேறியது. மீண்டும் இறங்கியது. செவலை நடக்கும் இடத்தை விட்டுத் தன் பக்கத்திலேயே நடந்தது.

"தெனமும் காலையில இப்படித்தான் பண்ணுதுங்க" என்றாள் கண்ணம்மாள். "உங்க மனசு சங்கடப்படுமேன்னு சொல்லலீங்க."

நல்லுசாமி பார்த்துக்கொண்டே நின்றான். முதலில் அவன் தோள்கள் குலுங்கின. பிறகு வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு நின்றபின் துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. இத்தன வாரமா நானும் திண்டுக்கல்லுக்கும் இங்கயுமா சால் இல்லாமத்தான் நடந்திருக்கறேன். அங்க இருக்கறவங்களும் பாவம், அப்படித்தான் நடக்கறாங்க." சரிவில் இறங்கி எருதின் திமில்மேல் கை வைத்தான். அது நின்றது. "நாளைக்குக் கையெழுத்துப் போட்டர்லாம். பொய்யாகாது."

விசாகத்தன்று விடியலில் காவடி எடுத்து, முதலில் திண்டுக்கல் போய்ச் சீட்டில் ஒப்பமிட்டுவிட்டு அங்கிருந்தே பழனிக்கு நடப்பதென்று புறப்பட்டான். பந்தல் வாயிலில் பார்வையாளர் அப்பொழுதுதான் ஜீப்பிலிருந்து இறங்கினார். காவி உடையும் மழிக்காத தாடியும் அமைதியான முகமுமாய் ஒருவன் எதிரே வரக் கண்டதும், ததாகதர் நெறியில் புகுந்த துறவியை அலுவலகம் ஏற்பாடு செய்திருக்கிறது என்று எண்ணி, தமக்கிட்ட மாலையைக் கழற்றி அவனுக்கு இட்டார். மயிற்பீலிக் காவடியைப் பற்றி அவர் வினவவில்லை. வேலுமணியும் விளக்கவில்லை.

நல்லுசாமி பன்னிரண்டாம் சீட்டில் ஒப்பமிட்டான். பந்தல் கைதட்டியது.

"என்ன விளங்கிற்று என்று சொல்வீரா?" என்றார் பார்வையாளர். படிவத்தில் அப்படி ஒரு வினா இல்லை. வேலுமணிக்கு வியர்த்தது.

நல்லுசாமி மயிலையைப் பற்றிச் சொன்னான். நுகம் இல்லாததையும், வடம் இல்லாததையும், அது இறங்கி ஏறுவதையும் சொன்னான். பந்தலில் யாரோ இருமத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். சோலைமலைப் புலவர் கண்களை மூடியிருந்தார்.

"அப்ப எங்கையெழுத்தப் போட்டுட்டனுங்க. கெணத்துக் கோப்புல அய்யா கையெழுத்து…" என்றான் நல்லுசாமி.

வேலுமணி கோப்பைப் பிரித்தார். தம் அலுவலகத்தின் திறனைப் பார்வையாளர் காண இதுவே தருணம் எனக் கொண்டு, எழுதுவதை உரக்கப் படித்தபடி எழுதினார்: "மனுதாரருக்கு மெய்யுணர்வு விளங்கிற்று. விளங்கியவருக்கு ஆசை இல்லை. ஆசை இல்லாதவருக்கு மின் இணைப்புத் தேவையில்லை. ஆதலின் விண்ணப்பம் முடிக்கப்பட்டது."

அருள்நாதன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அடப் பாவமே! வெளங்கலைன்னாலும் கெடையாது, வெளங்குனாலும் கெடையாதா?"

புலவர் எழுந்தார். "அலுவலர் கோளைப் பிழையறக் கூறுவேன்" என்று தொடங்கி, வேலுமணி எழுதிய நான்கு வாக்கியங்களையும் அவரே மகிழும்படி நிறுவிக் காட்டினார். பின்பு, "இனி இதனை மறுப்பாம். மறுப்பு நல்லுசாமியிடம் உள்ளது" என்று சொல்லி அமர்ந்தார். அவர் வாழ்நாளிலேயே மிகச் சிறிய மறுப்புரை அது.

எல்லோரும் நல்லுசாமியைப் பார்த்தனர். அவன் காவடியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான்.

"எனக்கு ஆசை போயிருச்சுன்னே வெச்சுக்குங்க. கத்தரிச் செடி இன்னும் கையெழுத்துப் போடலீங்களே."

பார்வையாளர் சுற்றறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். செடிகளின் ஐயத்தைப் பற்றி அதில் குறிப்பு இல்லை. குறிப்பு இல்லாத இடத்தில் நேரில் பார்வையிடுக என்று அதன் கடைசி விதி சொல்லிற்று.

ஜீப் பழனிச் சாலையில் விரைந்தது. முன்னே பார்வையாளரும் வேலுமணியும்; பின்னே கோப்போடு அருள்நாதன், காவடியோடு நல்லுசாமி. மயிற்பீலி காற்றில் அசைய ஜீப் வருவது கண்ட பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரம் ஒதுங்கி, "அரோகரா!" என்று முழங்கியது. பார்வையாளர் ஒட்டன்சத்திரம்வரை கை அசைத்து நன்றி தெரிவித்தபடியே வந்தார்.

தோட்டத்தை அடைந்தபோது உச்சிவெயில். ஜீப்பின் மூக்கிலிருந்து ஆவி சீறியது. ஓட்டுநர் இறங்கி, தண்ணீர் ஊற்றினாலன்றி வண்டி ஓரடியும் நகராது என்றான். வேலுமணி நாவால் உதட்டைத் தடவினார். பார்வையாளர் குடிக்கத் தண்ணீர் என்று சைகை காட்டினார்.

"கொடத்துல இருந்ததச் செடிக்கு ஊத்திட்டனுங்களே" என்றாள் கண்ணம்மாள். "ஊர்க் கெணத்துக்குப் போயி வரோணும்னா அரைமணி ஆகுமுங்க. ஆனா இந்தக் கெணத்துல நெறையத் தண்ணி இருக்குதுங்க."

பார்வையாளரும் வேலுமணியும் அருள்நாதனும் எட்டிப் பார்த்தனர். அறுபதடிக்குக் கீழே ஒரு துண்டு வானம் குளிர்ந்து கிடந்தது.

"எடுப்பது எப்படி?" என்றார் பார்வையாளர் கம்மிய குரலில்.

"நொகத்துல ஒரு பக்கம் மயிலை இருக்குதுங்க. இன்னொரு பக்கம்தான் ஆளில்லீங்க" என்றான் நல்லுசாமி, மயிலையின் கழுத்தில் நுகத்தை வைத்துக்கொண்டே.

பார்வையாளர் வேலுமணியைப் பார்த்தார். வேலுமணி அருள்நாதனைப் பார்த்தார். அருள்நாதன் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான்; அங்கே கத்தரிச் செடிகள் மட்டும் இருந்தன. அவன் போய்ச் செவலையின் பக்கத்தில் நுகத்தைப் பிடித்தான். மயிலையின் தோளுயரத்துக்கு நுகம் எழவில்லை. வேலுமணி சட்டையைக் கழற்றினார். அதுவும் போதவில்லை. பார்வையாளர் கைக்குட்டையைத் தோளில் மடித்திட்டுத் தாமும் வந்தார்.

நல்லுசாமி காவடியை வேலியில் சார்த்திவிட்டு, வடத்தைக் கட்டிச் சாலினைக் கிணற்றில் விட்டான். "ஹை!" என்றான். மயிலை செவி நிமிர்ந்தது, கழுத்தில் கனம் உணர்ந்து, ஒருமுறை பக்கத்தில் திரும்பி முகர்ந்து பார்த்தது, பின் இறங்கியது. வடம் முறுகி உருளை கிறீச்சிட்டது. சால் மேலே வந்து கவிழ, வெள்ளிக் குழம்பாய் நீர் வாய்க்காலில் பாய்ந்தது.

"பின்னாடி வாங்க சார், பின்னாடி! அப்படியே மேல ஏறுங்க!" என்று கத்தினான் நல்லுசாமி.

பின்னோக்கி நடப்பதில் அலுவலகத்தார் யாவரும் தேர்ந்தவர்களாக இருந்தனர்.

வாய்க்காலில் மொண்ட முதற் சால் ஜீப்புக்கு. இரண்டாம் சால் அவர்கள் குடிக்க. மூன்றாம் சாலை எதற்கு இழுத்தார்கள் என்பது பின்னர் மேலிடத்துக்குப் போன அறிக்கையில் விளக்கப்படவில்லை. மயிலை இறங்கியது, அவர்களும் இறங்கினர். மயிலை ஏறியது, அவர்களும் ஏறினர். கண்ணம்மாள் மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டே போனாள். பன்னிரண்டாம் சாலில் நீர் கிழக்கோரத்து நாலு பாத்திகளையும் எட்டிற்று. அவள் மண்வெட்டியை ஊன்றி, முதன்முறையாக அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பார்வையாளர் வேப்பமர நிழலில் மல்லாந்து கிடந்தார். வேலுமணி துவைகல்மேல் அமர்ந்து, கன்றிச் சிவந்த தம் உள்ளங்கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கோப்பினை எடும்" என்றார்.

தாம் எழுதிய நான்கு வாக்கியங்களையும் அடித்தார். அடியில் கையொப்பமிட்டார். பேனாவை மூடிக்கொண்டு, பதவிக் குரல் முற்றும் கழன்ற ஒரு குரலில், "விளங்கிற்று" என்றார்.

நல்லுசாமி காவடியைத் தோளில் ஏற்றிப் பழனிச் சாலை நோக்கித் திரும்பியவன் நின்றான். விரதம் இன்னும் முடியவில்லை. மனத்தில் பட்டதை மறைக்க முடியாது.

"ஏனுங்கய்யா, நெசமாவேங்களா?"

அருள்நாதன் பழக்கத்தினால் ஐயமுடையோர் பட்டியலை எடுத்து விரித்து, பேனாவைத் திறந்தான். வேலுமணி எழுந்து வந்து பட்டியலை அவன் கையிலிருந்து வாங்கினார், நான்காக மடித்தார், மயிலையின் வாயருகே நீட்டினார்.

மயிலை அதனை நிதானமாக மென்றது.